நான் துடைத்த மூன்று ஹாரன்கள்

சத்தத்தைச் சுத்தம் செய்வது என் பிழைப்பு. கம்பெனிக்காரர்கள் எடுக்கிற வீடியோக்களில் பேசுகிறவரின் குரல் மட்டும் கேட்க வேண்டும். மின்விசிறி இரைச்சல், லாரி, காக்காய், யாரோ இருமியது, எல்லாவற்றையும் எடுப்பேன். அடியில் மெல்லிசாக ஓர் இசையைப் போடுவேன். குரல் ஏறாமல் இறங்காமல் ஒரே அளவில் வரும்படி செய்து கொடுப்பேன். கவரைப்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே அறை வைத்திருக்கிறேன். சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பாதிக் கம்பெனிகளின் வீடியோ என் கையைத் தாண்டித்தான் போகிறது.

நான் நல்ல வேலைக்காரி. பெருமைக்காகச் சொல்லவில்லை. மோசமான வேலைக்காரியாக இருந்திருந்தால் நான் எழுதப்போகிற இது நடந்தே இருக்காது.

ஒரு கம்பி ஆலையில் பாதுகாப்புப் படம் எடுத்தார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு வாசலில் டிவியில் போட்டுக் காட்டுகிற ஆறு நிமிடப் படம். அங்கே கட்டிடக் கம்பிகளைக் கட்டுக் கட்டாகத் தூக்கிப் போக மேலே கிரேன் ஓடும். கிரேனிலேயே ஒரு சின்னக் கூண்டு, அதற்குள் ஒருவர் உட்கார்ந்து ஓட்டுவார். சுமையோடு ஆட்கள் இருக்கிற இடத்தைக் கடக்கும்போது மூன்று முறை ஹாரன் அடிக்க வேண்டும். அது அந்த ஆலையின் சட்டம்.

படத்தில் பேசியவர் அங்கே சேஃப்டி ஆபீசர். வெள்ளை ஹெல்மெட், இஸ்திரி போட்ட மஞ்சள் சட்டை. சட்டையில் சின்ன மைக்கைக் குத்திவிட்டேன். ஆலைக்கு நடுவில் நின்றுதான் பேசுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். பின்னால் கிரேன் தெரிந்தால்தான் கம்பீரமாம்.

"இங்க சத்தம் ஜாஸ்தி சார். ஆபீஸ் ரூம்ல பேசிடலாம்" என்றேன்.

"அதுக்குத்தானே மேடம் உங்களக் கூப்ட்டுக்கீறோம்? பின்னாடி ஒரு சத்தமும் வரக்கூடாது. க்ளீனா இருக்கணும்."

நான்கு முறை திக்கினார். ஐந்தாவது முறை கடைசி வரிவரை சரியாக வந்தது. "தலைக்கு மேல் சுமை போகும்போது யாரும் கீழே நிற்கக் கூடாது. உங்கள் உயிர் எங்களுக்கு முக்கியம்." சொல்லி முடித்துச் சிரித்தார். கேமராக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அடுத்த சில நொடிகளில் அவருக்குப் பின்னால் ஓர் அலறல். கம்பிக் கட்டு ஒரு பக்கமாகச் சரிந்து, கீழே குறுக்கே போன ஓர் ஒடிசாக்காரரின் பாதத்தில் இறங்கிவிட்டது.

எங்களை உடனே வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆபீசில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். அரை மணி நேரம் கழித்து ஆபீசர் வந்தார். சட்டை முழுக்க வேர்வை.

"ஒண்ணுமில்ல, கால்ல லேசா அடி. அந்தக் கடைசி டேக் நல்லா வந்துச்சு இல்ல? அத்தயே வெச்சிக்குங்க."

ஓர் ஆள் அலறின டேக்கை வைத்துக்கொள்ளச் சொல்கிறாரே என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் தலையாட்டினேன். அதை எழுதாமல் விட முடியாது. தலையாட்டினேன்.

என் வேலையில் சத்தத்தைக் கண்ணாலும் பார்க்கலாம். கம்ப்யூட்டர் திரையில் அது படமாக விரியும். ஆலை இரைச்சல் அடியில் மூட்டம் போலக் கிடக்கும். குரல் நெளிந்து நெளிந்து போகும். அந்த டேக்கில் மூன்று இடத்தில் மட்டும் சின்னச் சின்ன ஏணி நிறுத்தி வைத்ததுபோல நேர்க்கோடுகள் அடுக்கடுக்காக நின்றன. ஹாரன். முதல் இரண்டும் பேச்சுக்கு நடுவில் விட்ட மூச்சில் விழுந்திருந்தன. பென்சில் கோட்டை ரப்பரால் அழிப்பது மாதிரி அழித்தேன், போய்விட்டது. மூன்றாவது 'சுமை' என்ற வார்த்தையின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. அதை அழித்தால் வார்த்தை தகரம் தட்டினதுபோல ஒலிக்கிறது. வார்த்தையைக் காப்பாற்றினால் ஹாரன் நிற்கிறது. அரை நாள் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் இரண்டாவது டேக்கில் அவர் சொன்ன 'சுமை'யை வெட்டி எடுத்து வந்து ஒட்டினேன். ஒட்டியது எனக்கே தெரியவில்லை.

அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். கிரேனைப் பற்றிய படத்திலிருந்து கிரேனின் ஹாரனை எடுக்கிறோமே என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. எனக்கு அது ஹாரன் இல்லை, அழுக்கு.

படத்தை அனுப்பினேன். "ஸ்டூடியோல பேசின மாதிரியே இருக்கு மேடம், சூப்பர்" என்று ஆபீசர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். டிஸ்கில் இடம் இல்லாததால், வழக்கம்போல, அங்கே பதிவு செய்த மூலச் சத்தத்தை எல்லாம் அழித்தேன். முடிந்த படமும் நான் எங்கெங்கே வெட்டினேன் என்ற குறிப்பும் மட்டும் மிஞ்சின.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை நேரம். மாடிப்படி ஏறி ஒரு புருஷனும் பொண்டாட்டியும் வந்தார்கள். அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை. வாசலிலேயே நின்றார். அந்த அம்மா நேராக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீதான் அந்தக் கம்பி கம்பெனி வீடியோவுக்கு சத்தம் போட்டியா?"

"சத்தம் போடல. சத்தத்த எடுத்தேன். யார் நீங்க?"

"எடுத்தியா? இன்னாத்த எடுத்த?"

"ஏய், சும்மா இரு" என்று வாசலில் நின்றவர் சொன்னார். "மேடம், நான் அங்க கிரேன் ஓட்றவன். ஆரணி பக்கம். அன்னிக்கு நீங்க எடுக்கச்சொல்லோ மேல கூண்டுல நான்தான் இருந்தேன்."

மெதுவாகச் சொன்னார். ஹாரன் அடிக்காமல் சுமையை நகர்த்தினார் என்று அவரை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். கம்பெனிக்குள்ளேயே என்கொயரி நடக்கிறது. குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். அடிபட்டவருக்கு இரண்டு கால்விரல்கள் போயிருக்கின்றன. தனக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். கீழே வேலை செய்கிறவர்கள் எல்லாம் காதில் பஞ்சு வைத்திருப்பவர்கள். நாள் முழுக்க அடிக்கிற ஹாரன், அந்த நேரத்தில் அடித்ததா என்று யார் சத்தியம் செய்வார்கள்? ஆலையின் சிசிடிவி கேமரா பதிவு உண்டு, அதில் சத்தம் கிடையாது.

"அப்பறம்?" என்றேன்.

"அப்பறம் உங்க வீடியோவப் போட்டாங்க மேடம். இது கரெக்டா அந்த டைம்ல எடுத்தது, கேளு, ஹாரன் எங்க கீதுன்னாங்க. கேட்டேன். இல்ல."

அவர் குரல் இறங்கியது.

"பன்னெண்டு வருசமா மேல ஒக்காந்துக்கினு கீறேன். கை தானா போயி அழுத்தும். மூணு தபா அட்ச்சேன்னுதான் சொன்னேன். ஆனா அந்த வீடியோவக் கேட்டதும் எனக்கே டவுட்டு வந்துட்ச்சி. அட்ச்சேனா, இல்ல அட்ச்சேன்னு நெனச்சிக்கினேனா? ராத்திரில தூக்கம் இல்ல. ஒருத்தன் கால் போச்சே, நான்தான் காரணமான்னு..."

நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. திரும்ப உட்கார்ந்தேன். என் வேலை ஒரு மனுஷனுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது. அதுவும் பொய்ச்சாட்சி. அதைவிட, அவர் தன் கையை நம்பாமல் என் படத்தை நம்பிவிட்டார்.

"இன்னா இவ பேயறைஞ்ச மாதிரி கீறா?" என்றார் அந்த அம்மா.

"ஹாரன் அடிச்சீங்க. நான் அழிச்சிட்டேன்."

இரண்டு பேருக்கும் புரியவில்லை. வேறொரு கம்பெனியின் பதிவைத் திறந்து, லாரி ஹாரன் கேட்கிற இடத்தைப் போட்டுக் காட்டி, கண்ணெதிரே அழித்து, மறுபடி போட்டேன். லாரி காணாமல் போயிருந்தது. அந்த ஆள் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடிப்பாவி" என்றார் அந்த அம்மா. "இது ஒரு பொழப்பா? எங்க ஊட்டுக்காரரு ராத்திரிலாம் எழுந்து குந்திக்கினு, தூங்குற என்னிய எழுப்பி, நான் அட்ச்சேனாடி அட்ச்சேனாடின்னு கேக்குறாரு. நான் மேல கூண்டுலயா இருந்தேன்? எனக்கு எப்டித் தெரியும்? நீ இங்க ஏசி போட்டுக்கினு தொடச்சிக்கினு கீற!"

மூலப் பதிவைத் தேடினேன். இல்லை. நான்தானே அழித்தேன். கேமராவிலேயே ஒரு சின்ன மைக் இருக்கும், அதில் பதிந்திருக்குமே என்று கேமராக்காரருக்குப் போன் போட்டேன். ஆர்.கே.பேட்டையில் ஒரு விசேஷத்தில் இருந்தார். பின்னால் நாதஸ்வரம்.

"அண்ணே, கம்பி ஆலையில எடுத்த மெமரி கார்டு வெச்சிருக்கீங்களா?"

"அது எங்கம்மா இருக்கு? அதுல இப்ப ஒரு காதுகுத்து ஏறிக்கினு கீது."

போனை வைத்தேன். அந்த ஆள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மேடம், எடுத்த மாதிரியே திரும்பப் போட முடியாதா?"

முடியும். பத்து நிமிட வேலை. வேறொரு ஆலையில் பதிந்த கிரேன் ஹாரன் என்னிடம் இருக்கிறது. சரியான இடத்தில் வைத்து, ஆலையின் எதிரொலியையும் சேர்த்துவிட்டால் ஆண்டவனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. உண்மையைச் சொல்கிறேன், என் கை அந்தக் கோப்பைத் திறந்துவிட்டது. பிறகு மூடினேன்.

"போட்டா அது வேற கிரேனோட ஹாரன். உங்களுது இல்ல. நான் பண்ணதுதான்னு ஒருத்தன் கண்டுபிடிச்சாலும் நீங்க காலி. அப்புறம் நிஜமாவே அடிச்சீங்கன்னு சொன்னாலும் யாரும் கேக்க மாட்டான்."

"அவுங்களுக்குன்னா எடுப்பே, எங்களுக்குன்னா போட மாட்டியா?" என்று அந்த அம்மா எகிறினார்.

"போட மாட்டேன்."

"அப்ப இன்னாத்துக்கு இருக்கே நீ?"

என்னுடைய வெட்டுக் குறிப்பைத் திறந்தேன். மூன்று இடத்தில் 'ஹாரன்' என்று நானே எழுதி வைத்திருந்தேன். எந்த நிமிடம், எந்த நொடி என்று இருக்கிறது. ஆனால் அது வெறும் எழுத்து. நேற்று எழுதினாயா, அன்று எழுதினாயா என்று கேட்டால்? படத்தை மறுபடி மறுபடி ஓட்டி, ஹெட்போனில் எங்காவது ஒரு துளி ஹாரன் தப்பி நிற்கிறதா என்று தேடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, என் வேலையில் ஓர் ஓட்டை இருக்க வேண்டுமே என்று தவித்தேன். ஓட்டை இல்லை. என்னைப் பார்க்க எனக்கே எரிச்சலாக இருந்தது.

ஹெட்போன் என் தலையில் இருந்ததால் அவர்கள் இருவருக்கும் சத்தம் கேட்காது. படம் மட்டும்தான் தெரியும். அந்த அம்மா என் தோளைத் தட்டினார்.

"இந்தாளு இன்னாத்துக்கு அண்ணாந்து அண்ணாந்து பாக்குறாரு?"

"யாரு?"

"இவருதான், மஞ்சச் சட்ட. பேசிக்கினே மேல பாக்குறாரு பாரு. பல்லி கில்லி கீதா அங்க?"

நான் படத்தைப் பார்ப்பதே இல்லை. என் திரையில் அது மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஓடும். அதைப் பெரிதாக்கி ஓட்டினேன். ஆபீசர் பேசுகிறார். ஒரு மூச்சு விடுகிறார். கண் மட்டும் சட்டென்று மேலே போய்த் திரும்புகிறது. அடுத்த மூச்சில் மறுபடியும். 'சுமை' என்று சொல்லும்போது தலையே லேசாக நிமிர்கிறது. குறிப்பைப் பார்த்தேன். முதல் ஹாரன், இரண்டாவது, மூன்றாவது. அதே நொடிகள்.

ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அந்த ஆள் தன்னையறியாமல் மேலே கண்ணைத் தூக்கியிருக்கிறார். சத்தத்தைத்தான் நான் துடைத்தேன். அவர் கழுத்தைத் துடைக்கவில்லை.

"நீங்க பாத்தது பெரிய விஷயம்" என்றேன் அந்த அம்மாவிடம்.

"எனக்குக் கண்ணு கீது. நீதான் காத மாட்டிக்கினு திரியுறே."

அடுத்த என்கொயரிக்கு கிரேன்காரர் தரப்புச் சாட்சியாக நான் போனேன். கம்பெனி மீட்டிங் ஹால். விசாரிக்கிறவர் திருவள்ளூரிலிருந்து வந்த ஒரு வயதான வக்கீல். ஆளைப் பார்க்காமல் பேப்பரையே பார்த்துக்கொண்டு பேசுவார். சேஃப்டி ஆபீசரும் பர்சனல் மேனேஜரும் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். கிரேன்காரர் எதிர்ப்பக்கம் தனியாக.

நடந்ததைச் சொன்னேன். ஹாரன் அடித்தது, என் ஹெட்போனில் கேட்டது, நான்தான் அழித்தேன்.

"ஒரிஜினல் எங்கம்மா?" என்றார் வக்கீல்.

"அழிச்சிட்டேன்."

"அதையுமா?"

மேனேஜர் சிரித்துவிட்டார். "மேடம் எல்லாத்தையும் அழிக்கிறாங்க சார். நாளைக்கு நம்மளயும் அழிச்சிடுவாங்க."

"சிரிக்காதீங்க" என்றேன். "ஒரு ஆளோட வேலை போவுது. உங்க படத்துக்காகத்தான் அழிச்சேன்."

ஆபீசர் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, ரொம்ப நிதானமாகச் சொன்னார். "மேடம், நான் அங்கயேதான் நின்னுக்கினு இருந்தேன். ஹாரன் வரல. வந்திருந்தா வீடியோல இருக்கும் இல்ல?"

எனக்கு அதுதான் இன்றுவரைக்கும் நம்ப முடியாத விஷயம். அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. முழு நம்பிக்கையோடு சொல்கிறார். பின்னால் ஒரு சத்தமும் வரக்கூடாது என்று என்னிடம் சொன்னதே அவர்தான். அதையே மறந்துபோய், சத்தம் இல்லை என்று சாட்சி சொல்கிறார்.

டிவியில் படத்தைப் போட்டேன். சத்தத்தை முழுக்க நிறுத்தினேன். என் குறிப்புத் தாளை வக்கீல் கையில் கொடுத்து, நொடிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். முதல் முறை ஓட்டியபோது யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது முறை அந்த மூன்று இடத்திலும் நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். மூன்று முறையும் ஆபீசரின் கண் மேலே.

"லைட்டப் பாத்திருப்பேன்" என்றார் ஆபீசர்.

வக்கீல் முதல் தடவையாகப் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "லைட்டு மூணு தபா கூப்ட்டுச்சா சார் உங்கள?"

யாரும் சிரிக்கவில்லை. ஆபீசர் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை என்றார். நான்காவது தடவை பார்க்கும்போது அவர் கை தன் காதைத் தொட்டது.

"அட்ச்சிருக்கான் சார்" என்றார். "அட்ச்சான். நான் அண்ணாந்து பாத்தேன். வீடியோல இல்லன்னதும் நான்... இல்லன்னே முடிவு பண்ணிட்டேன்."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வக்கீல் கையைக் காட்டி நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தார். கிரேன்காரர் தலை குனிந்தபடியே இருந்தார். நிமிரவே இல்லை.

இதற்குப் பிறகு அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள், நான் ஹாரனோடு வேறு செய்து தருகிறேன் என்று கம்பெனிக்குச் சொன்னேன். பார்க்கலாம் என்றார்கள். இன்னும் அதுதான் வாசலில் ஓடுகிறது. தினமும் புது ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறார்கள். சத்தமே இல்லாத ஓர் ஆலைக்குள் போவதாக நினைத்துக்கொண்டு போகிறார்கள். நானும் மூன்று தடவை போய்க் கேட்டுவிட்டேன். வாட்ச்மேனுக்கு இப்போது என்னைக் கண்டாலே ஆகாது.

இரண்டு வாரம் கழித்து கிரேன்காரருக்குக் கடிதம் வந்தது. சஸ்பெண்ட் ரத்து, திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு வரவும். திங்கட்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் இருவரும் என் அறைக்கு வந்தார்கள். அவர் யூனிஃபார்மில் இருந்தார். கடிதத்தைக் காட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கடிதத்தை எடுக்கவே இல்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும். என்கொயரில சொன்னது விடுங்க. எனக்காகச் சொன்னீங்களா, நெஜமா சொன்னீங்களா?"

"எதை?"

"நீங்க அழிக்கச்சொல்லோ, மூணு இருந்துச்சா? அவரு மேல பாத்தது சரி. ஆனா காதால கேட்டவங்க நீங்க ஒருத்தர்தான். மேல ஏறி அந்த பட்டன்ல கைய வெச்சா, அன்னிக்கு அட்ச்சேனா அட்ச்சேனான்னு கேட்டுக்கினேதான் இருப்பேன். அப்டி ஓட்டக்கூடாது."

பேனாவை எடுத்து ஒரு காகிதத்தில் மூன்று ஏணி வரைந்தேன். என் திரையில் நின்ற மாதிரியே.

"மொதல்ல ஒண்ணு, சின்னது. அடுத்தது அதே அளவு. மூணாவது கொஞ்சம் நீளம், கைய அழுத்திப் புடிச்சிருக்கீங்க. அதத் தொடைக்க எனக்கு அரை நாள் ஆச்சு. மூணு. நான் எண்ணினேன்."

"மூணாவது நீளமா?"

"நீளம்."

"ஆமா" என்றார். "ஆமா. கீழ அந்தாளு நடந்து வர்றதப் பாத்தேன். அதான் புட்ச்சி அழுத்தினேன். ஆமா மேடம், புட்ச்சி அழுத்தினேன்." அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். வாய்விட்டு அழுதார். மருந்துக்கடைக்காரர் கீழேயிருந்து எட்டிப் பார்த்தார்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் விட்டார். பிறகு காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்து அவர் சட்டைப் பையில் திணித்தார்.

"போதும், எழு. கம்பெனி பஸ்ஸு வர்ற டைம் ஆச்சி."